ஜோடியாக வாங்காதீர்கள்

முதன்முதலாக லவ் பேர்ட்ஸ் வாங்குகிறவர்கள் எல்லாரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். ஜோடியாக வாங்கிவிடுகிறார்கள். பெயரிலேயே காதல் இருப்பதால், ஒன்றை மட்டும் வாங்கினால் பெரிய பாவம் செய்துவிட்டதைப் போல ஒரு நினைப்பு. நானும் ஜோடியாகத்தான் வாங்கினேன். என் தங்கை பிடிவாதம் பிடித்தாள் என்பதற்காக வாங்கினேன்.

விபத்தைப் பற்றிச் சொல்ல வந்தவள் குருவிக் கதை சொல்கிறாளே என்று நீங்கள் நினைப்பது முகத்தில் தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். நேற்று என் தங்கை இதே நாற்காலியில் உட்கார்ந்து, வண்டி ஓட்டியது நான்தான், அவர் செத்ததற்குக் காரணம் நான்தான், என்னை உள்ளே போடுங்கள் என்று சொல்லிவிட்டாள். நீங்களும் நம்பிவிட்டீர்கள். நம்பாமல் என்ன செய்வீர்கள், ஸ்டியரிங்கில் இருந்தது அவள் கைதானே. ஆனால் அவளை நீங்கள் கோர்ட்டுக்குக் கொண்டுபோய்விட்டால் பிறகு நான் தலைகீழாக நின்றாலும் பிரயோசனமில்லை. அதனால்தான் கடைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். எனக்கு எதையும் வரிசையாகச் சொன்னால்தான் வரும்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அம்மா போனபோது அவளுக்குப் பால்பல்லே விழவில்லை. அப்பா அதற்கும் முன்பே கழன்றுகொண்டவர். தலை வாரி, பேன் பார்த்து, காய்ச்சலில் விழித்து, சண்டை போட்டு அவளை வளர்த்தது நான். அப்போது வைத்த பெயர் பொடிசு. இப்போது என்னைவிட ஒரு சாண் உயரம், ஆனாலும் எனக்கு அவள் பொடிசுதான். டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கிறாள். சொல்லிக்கொடுத்தாள் என்று சொல்ல வேண்டும். கிளச்சில் கால் வைக்கவே நடுங்குகிற பெண்களை எல்லாம் பெரிய ரோட்டில் ஓட்ட வைத்தவள். என் வேலை உங்களுக்குத் தெரியும். கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் வெட்டி, ஓரம் தேய்த்து, ஃபிரேமில் பொருத்துவது. கடைக்கு முன்னால் நின்று சிரித்துப் பேசுகிறவர்கள் வேறு. சிரிப்பு எனக்கு அவ்வளவாக வராது.

ஒருநாள் பொடிசு சாப்பாட்டுத் தட்டோடு என் எதிரில் உட்கார்ந்து, சாப்பிடாமல் அளைந்துகொண்டே இருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது.

"யாரு?" என்றேன்.

"நம்ம ஸ்கூல்ல ஏசி ரிப்பேர் பண்ண வந்தாரே, அவர்தான்."

"ரிப்பேர் ஆச்சா?"

"ஏசி ஆச்சுக்கா. நான்தான் ஆகலை" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த மெக்கானிக்குக்கு, குன்றுப் பாதையைத் தாண்டி அந்தப் பக்கத்து ஊரில் சொந்தமாக ஒரு சர்வீஸ் கடை போடுகிற எண்ணம். கல்யாணம் முடிந்ததும் இரண்டு பேரும் அங்கே போய்விடுவார்களாம். "நீயும் வந்துடுக்கா" என்றாள். ஒப்புக்குக் கூப்பிடுகிறவள் இல்லை அவள், மனதாரத்தான் கூப்பிட்டாள். ஆனால் மனதாரக் கூப்பிட்டாலும் நான் அங்கே ஒரு ஓரத்தில்தானே இருப்பேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

நான் தனியாக இருக்கப் போகிறேன் என்ற கவலை அவளுக்கு. வீட்டில் ஏதாவது சத்தம் வேண்டும் என்று அவள்தான் லவ் பேர்ட்ஸ் யோசனையைக் கொண்டுவந்தாள். அதாவது, அவள் இடத்துக்கு இரண்டு குருவிகள்.

பறவைக் கடைக்காரர் நல்ல மனிதர், ஆனால் வாயாடி. லவ் பேர்ட்ஸ் என்று சொல்லிக்கொண்டு பலர் வேறு சின்னக் கிளியை வாங்கிப் போவார்கள் என்றும், இதுதான் அசல் என்றும் கூண்டைக் காட்டினார். குட்டை வால், உருண்டைத் தலை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். கண்ணாடி போட்ட மாதிரி இருக்கிறது என்று பொடிசு சொன்னாள். நான் உடனே வாங்கவில்லை. பொருளைப் பார்க்காமல் வாங்குகிற பழக்கம் எனக்குக் கிடையாது. கூண்டிலிருந்து தள்ளி நின்றேன். ஆள் பக்கத்தில் இருந்தால் சீக்குப் பறவையும் தெம்பாக இருப்பதைப் போல நடிக்கும். நாம் இருப்பதை அது மறக்கிற வரை காத்திருக்க வேண்டும். பிறகு பார்த்தால் தெரியும். மூலையில் உப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பது வேண்டாம். மூச்சு விடும்போது வால் தூக்கித் தூக்கிப் போடுவது வேண்டாம். மூக்குத் துளை காய்ந்திருக்க வேண்டும், வாலுக்குக் கீழே சுத்தமாக இருக்க வேண்டும், விரல் ஒன்றும் குறையக் கூடாது. அலகின் அடியில் கறுப்புத் தீற்றல் இருந்தால் இளசு. இளசுதான் பழகும்.

நான் தேர்ந்தெடுத்தது ஒரு பச்சைக் குஞ்சு. "இது மட்டும் போதும்" என்றேன்.

"ஐயோ, தனியா அது எப்படிக்கா இருக்கும்? ரெண்டா குடுங்கண்ணா" என்றாள் பொடிசு.

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "கையில பழகணும்னா அக்கா சொல்றதுதான் சரி. ரெண்டு இருந்தா அதுங்க பாட்டுக்கு அதுங்க கொஞ்சிக்கும். நம்மளை ஒரு ஆளாவே மதிக்காது."

"ஒண்ணு செத்தா இன்னொண்ணும் ஏங்கியே செத்துடுமாமே?"

"அதெல்லாம் சும்மாம்மா. கொஞ்ச நாள் கத்தும், தீனி எடுக்காது. அப்புறம் பக்கத்துல யார் இருக்காங்களோ அவங்ககிட்ட வந்து ஒட்டிக்கும். தனியா இருக்கத் தெரியாது அதுங்களுக்கு. அவ்வளவுதான்."

பொடிசு முகத்தைச் சுளித்தாள். நான் அந்தப் பேச்சைக் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். கடைசியில் ஒரு நீலத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்தோம்.

அந்த வாரமே மெக்கானிக் வீட்டுக்கு வந்தார். அவரையும் தள்ளி உட்கார்ந்துதான் பார்த்தேன். தெளிவான கண். நகத்தில் அழுக்கில்லை. வைத்ததை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தானே கழுவினார். சமையலறையில் எங்கள் பழைய ஃபிரிட்ஜ் உறுமுவதைக் கேட்டுவிட்டு, கேட்காமலேயே அதன் பின்னால் போய் உட்கார்ந்து எதையோ முறுக்கினார். சத்தம் நின்றுவிட்டது. ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்காத முதல் குறை.

பறவை பழக்குவதைக் கேளுங்கள். கூண்டு உயரமாக இருப்பதைவிட அகலமாக இருக்க வேண்டும். நாலு பக்கமும் திறந்த இடத்தில் வைத்தால் மிரளும், மூலையில் சுவரோடு வைத்தால் அடங்கும். நெஞ்சு உயரத்துக்கு மேலே தொங்கவிடக் கூடாது, அது தன்னைப் பெரிய ஆள் என்று நினைத்துக்கொள்ளும். முதல் சில நாள் தொடவே கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து நம் வேலையைச் செய்துகொண்டு, மெதுவாகப் பேசிக்கொண்டிருக்க வேண்டும். பிறகு உள்ளங்கையில் தினை வைத்து, கூண்டுக்குள் கையை நீட்டி அசையாமல் இருக்க வேண்டும். கடிக்கும். கடித்தாலும் கையை இழுக்கக் கூடாது. ஒரு முறை இழுத்துவிட்டால், கடித்தால் போய்விடுவார்கள் என்று அது கற்றுக்கொள்ளும். எனக்கு அசையாமல் இருப்பது கஷ்டமில்லை. என் வேலையே அதுதான்.

ஆனாலும் அவை வரவில்லை. நான் கை நீட்டினால் இரண்டும் எதிர்மூலைக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். நீலம் பச்சையின் கழுத்தைக் கோதும். பச்சை கண்ணை மூடிக்கொண்டு காட்டும். நான் என்ற ஒருத்தி அங்கே இல்லவே இல்லை. கூண்டைத் தூக்கிக்கொண்டு கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். இறக்கையின் நீள இறகுகளில் வெளிப்புறத்தில் இருப்பவற்றை மட்டும் வெட்டிவிட்டால் நம்மை நம்பி வரும் என்று சொல்லி, இரண்டுக்கும் செய்தும் காட்டினார்.

"ரெண்டு பக்கமும் சமமா வெட்டணும்மா. அப்பதான் பூ மாதிரி இறங்கும். ஒரு பக்கம் மட்டும் வெட்டினீங்கன்னா சுத்திக்கிட்டே விழுந்து நெஞ்சு அடிபட்டுடும்."

"வலிக்குமா?"

"நகம் வெட்டுற மாதிரிதான். தன்னால பறக்க முடியாதுன்னுகூட அதுக்குத் தெரியாது. இன்னிக்கு என்னமோ உடம்பு முடியலைன்னு நினைச்சுக்கும்."

அதைக் கேட்டபோது எனக்குள் ஏதோ நிதானமாயிற்று. பல நாளாகத் தேடிய ஒரு சாமான் கையில் தட்டுப்பட்ட மாதிரி.

நீலத்தை என்ன செய்தேன் என்று யாரும் என்னிடம் நேராகக் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். பொடிசு வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் அதை எடுத்து ஜன்னலுக்கு வெளியே இருக்கிற விளிம்பில் வைத்தேன். எங்கள் வீடு மூன்றாம் மாடி. அது பறக்கவில்லை. திரும்பி உள்ளே வரப் பார்த்தது. நான் ஜன்னலைச் சாத்திவிட்டுத் துணி மடித்தேன். மடித்து முடித்துப் பார்த்தபோது விளிம்பில் ஒன்றும் இல்லை. கூண்டைத் திறந்து துடைக்கும்போது பறந்து போய்விட்டது என்று பொடிசிடம் சொன்னேன். அவள் மொட்டை மாடிக்கும் தெருவுக்குமாக ஓடி ஓடித் தேடினாள். பச்சை கத்திக்கொண்டே இருந்தது. கடைக்காரர் சொன்ன மாதிரியேதான் எல்லாம் நடந்தது. தீனி எடுக்கவில்லை. பிறகு ஒருநாள் என் விரலில் ஏறி உட்கார்ந்தது. கழுத்தைக் குனிந்து காட்டியது. நான் விரல் நுனியால் கோதிவிட்டேன். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவ்வளவு இளஞ்சூடு அந்தக் கழுத்தில்.

இனி கண்ணாடிக்கு வருகிறேன். பொடிசு ஆறாவது படிக்கும்போதிலிருந்து கண்ணாடி போடுகிறாள். ஒவ்வொன்றும் என் கையால் செய்தது. வேறு யாரும் அவள் முகத்தில் கண்ணாடி வைத்ததில்லை. எல்லாரும் பவர் சரியாக இருந்தால் கண்ணாடி சரி என்று நினைக்கிறார்கள். அது பாதிதான். லென்ஸுக்கு ஒரு நடுப்புள்ளி உண்டு. அது கண்மணிக்கு நேராக வர வேண்டும். இவ்வளவு, நகத்தின் விளிம்பு அளவு தள்ளிப் போனால்கூடக் கண் இரண்டும் சேர்ந்து பார்க்கத் திணறும். எழுத்து தெளிவாகத்தான் தெரியும். ஆனால் தரை மேலே வருகிற மாதிரி இருக்கும், படி இருக்கிற இடத்தில் இருக்காது, தலை கனக்கும். போட்டிருப்பவருக்குக் காரணம் தெரியாது. கடையில் வந்து புகார் சொன்னால், முன்னால் நிற்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொல்வார்கள். புதுக் கண்ணாடி, போடப் போடப் பழகிடும் என்பார்கள். பாதிப் பேருக்கு அது உண்மையும்கூட. மீதிப் பேருக்கு என்ன ஆயிற்று என்று யாரும் பார்ப்பதில்லை.

அவளுக்குப் புதுக் கண்ணாடி செய்தேன். இரண்டு பக்கமும் சமமாக, மிகக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். மாற்றுக் கண்ணாடியையும் அதே அளவில் செய்தேன், ஏனென்றால் ஒன்றைக் கழற்றி இன்னொன்றைப் போட்டதும் சரியாகிவிட்டால் எல்லாம் வீண். கண்ணாடி இல்லாமல் அவளால் பேருந்து எண்ணைக்கூடப் படிக்க முடியாது, அதனால் கழற்றி வைத்துவிடவும் மாட்டாள்.

முதலில் தலைவலி என்றாள். பிறகு பயிற்சி மைதானத்தில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கம்பத்தில் இடித்தாள். அவள் மாணவிகள் சிரித்தார்களாம். ஒருநாள் ஒரு குழந்தைக்கு மிக அருகில் போய்த்தான் பிரேக் போட்டாளாம். வீட்டுக்கு வந்து காலணியைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, எனக்கு என்னமோ ஆயிடுச்சு. ரோடு என்னை ஏமாத்துது."

"ஒண்ணும் இல்லடா. களைப்பு" என்றேன்.

டாக்டரிடமும் அழைத்துப்போனேன். நான் எதிலும் குறை வைக்கவில்லை. அவர் ரத்தம் பார்த்தார், காது பார்த்தார், கண்ணுக்கு வெளிச்சம் அடித்துப் பார்த்தார், மனசுக்கு ஓய்வு வேண்டும் என்றார். கண்ணாடியை மேசை மேல் கழற்றி வைக்கச் சொன்னவர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அவர் மேல் கொஞ்சம் எரிச்சல் வந்தது. இத்தனை படித்திருக்கிறாரே.

பொடிசு வேலையை விட்டாள். கல்யாணத்தைத் தள்ளிப் போட்டார்கள். படி இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொள்வாள். தெருவைக் கடக்கும்போது சின்ன வயதில் செய்த மாதிரி என் சுண்டு விரலைப் பிடித்துக்கொள்வாள். நான் கடையிலிருந்து வருகிற சத்தம் கேட்டதும் கதவருகே வந்து நிற்பாள். சாப்பாடு பரிமாறினால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சாப்பிடுவோம். இதை மறைக்க மாட்டேன், அந்த மாதங்களைப் போலச் சந்தோஷமாக நான் எப்போதும் இருந்ததில்லை. கோபப்படுவாள், அழுவாள், ஒரு தடவை தட்டைத் தூக்கி எறிந்தாள். நான் அசையவில்லை. பொறுமையாக எடுத்துக் கழுவி வைத்தேன்.

மெக்கானிக் கழன்றுகொள்வார் என்று நினைத்தேன். பெண் நோயாளி என்று தெரிந்தால் ஆண்கள் கழன்றுகொள்வார்கள், அதுதான் என் அனுபவம். இவர் கழலவில்லை. கடை போடுகிற வேலைக்காக அதற்குள் அந்த ஊருக்குப் போயிருந்தும், ஞாயிற்றுக்கிழமை தோறும் குன்றைத் தாண்டி வந்தார். அவளை அழைத்துக்கொண்டு ஆளில்லாத ஒரு மைதானத்துக்குப் போய், அவளை ஸ்டியரிங்கில் உட்கார வைத்து, பக்கத்தில் தான் உட்கார்ந்துகொள்வார். ஒரு சுற்று மட்டும் என்பாராம். பயமாக இருந்தால் நிறுத்திவிடு, நான் எங்கேயும் போகமாட்டேன் என்பாராம். அவசரமே படமாட்டாராம். அடுத்த வாரம் இரண்டு சுற்று. பிறகு தெரு. அவள் கண்ணாடியின் கோளாறுக்கு ஏற்றபடி தலையைச் சாய்த்து ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டாள். வீட்டுக்கு வந்து எனக்கு நடித்துக் காட்டினாள், எவ்வளவு தூரம் போனோம், எங்கே திருப்பினோம் என்று. முகம் எல்லாம் வெளிச்சம். அவர் என்னைவிட நன்றாகப் பழக்குகிறார் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஒரு ஞாயிறு, பொடிசு குளித்துக்கொண்டிருந்தாள். மெக்கானிக் கூண்டின் முன்னால் நின்றார். பச்சையை விரலில் ஏற்றி, இறக்கையை விரித்துப் பார்த்தார்.

"இதுக்கு இறக்கை வெட்டியிருக்கே, எப்ப வெட்டினீங்கக்கா?"

"வாங்கின புதுசுல."

"ரெண்டுக்குமா?"

"ஆமா."

"அப்ப அந்த நீலம் எப்படிப் பறந்து போச்சு?"

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. எங்கே சத்தம் வருகிறது என்று காது கொடுத்துக் கேட்பாரே, அந்த மாதிரி. நான் இறகு மறுபடி முளைத்திருக்கும் என்றேன். தலையாட்டினார். பச்சையைக் கூண்டுக்குள் திரும்ப விட்டார்.

"இன்னொண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அன்னிக்கு மழைல கண்ணாடியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டுப் படி இறங்கினா. கைப்பிடியைக்கூடப் பிடிக்கல, கடகடன்னு இறங்கிட்டா. கண்ணு சரியாத் தெரியாத நேரத்துல நல்லா இறங்குறா, தெரியுறப்ப தடுமாறுறா. லென்ஸ் வெட்டுற மெஷின்ல ஏதாவது பிசகு இருக்கலாம் இல்லையா? வர்ற ஞாயிறு அங்க வீடு பார்க்கப் போறோம். அவளே ஓட்டுறேன்னு சொல்லியிருக்கா. அப்படியே அங்க ஒரு கண்ணாடிக் கடையில காட்டிட்டு வரோம்."

"தாராளமா காட்டுங்க. நான் வேணா புதுசாவே ஒண்ணு செஞ்சு தர்றேன், அதையும் எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

"அதான் அக்கா" என்று அவர் சந்தோஷமாகச் சிரித்தார்.

அந்த வாரம் கடையில் எல்லாரும் போன பிறகு அல்ல, எல்லார் முன்னாலும்தான் செய்தேன். நான் லென்ஸ் வெட்டுவதில் யாருக்கு என்ன ஆச்சரியம். நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டியது இது. நான் ஒன்றல்ல, இரண்டு கண்ணாடி செய்தேன். ஒரே மாதிரி ஃபிரேம். ஒன்று மிகச் சரியானது. இத்தனை வருடத்தில் அவ்வளவு துல்லியமாக ஒன்றை நான் செய்ததில்லை. அதைப் போட்டுக்கொண்டு போயிருந்தால் அவள் முதல் திருப்பத்திலேயே தலையை நிமிர்த்தி உட்கார்ந்து, பழைய பொடிசாக ஓட்டியிருப்பாள். அங்கே கடையில் காட்டினாலும் ஒரு தப்பும் சொல்ல மாட்டார்கள். மெக்கானிக்கின் சந்தேகம் தீர்ந்திருக்கும். எனக்கு ஒரு ஆபத்தும் இல்லை. அவள் மட்டும் போயிருப்பாள்.

இன்னொன்றில் நடுப்புள்ளியைச் சரியாக வைத்தேன், ஆனால் ஒரு கண்ணுக்கு மட்டும் லென்ஸை மாற்றினேன். அப்படிச் செய்தால் உலகம் ஒரு பக்கமாகச் சாயும். ஒரு பக்கத்தில் மட்டும் ரோடு அகலமாகத் தெரியும், சுவர் தள்ளித் தெரியும், இல்லாத இடம் இருப்பதாகத் தோன்றும். எந்தப் பக்கம் என்று முடிவு செய்ய எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. ஓட்டுகிறவளுக்குப் பக்கத்து இருக்கை இருக்கும் பக்கம்.

ஞாயிறு காலை அவள் புது உடை போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். இரண்டு கண்ணாடிக் கூடுகளும் என் மடியில் இருந்தன.

"அக்கா, பயமா இருக்கு. நீ சரின்னு சொன்னாத்தான் போவேன். வேணாம்னா அவரையே ஓட்டச் சொல்றேன்."

அப்போதுகூட நான் சரியானதை எடுத்திருக்கலாம். கை அதன் மேல்தான் இருந்தது. அவள் கீழே குனிந்து, சின்னப் பிள்ளை மாதிரி முகத்தை நீட்டினாள். நான் மற்றதைத் திறந்து, அவளுக்குப் போட்டுவிட்டு, காதுக்குப் பின்னால் சரி செய்தேன்.

"எப்படி இருக்கு?"

"கொஞ்சம் ஒரு மாதிரி இருக்குக்கா."

"புதுசுல்ல. போகப் போகப் பழகிடும். நீயே ஓட்டு" என்றேன்.

கீழே மெக்கானிக் அவளுக்காகக் கதவைத் திறந்துவிட்டு, சுற்றிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்ததை ஜன்னலிலிருந்து பார்த்தேன். எனக்குக் கையசைத்தார். குன்றுப் பாதையின் இரண்டாவது வளைவில், ஓரமாக நின்றிருந்த கல் லாரியில் அந்தப் பக்கம் மட்டும் உரசி மடங்கியதாக உங்கள் ஆட்கள் சொன்னார்கள். அவளுக்கு நெற்றியில் ஒரு கீறல். நான் அதிகம் எதிர்பார்க்கவில்லை, அவள் பயந்துபோய் முதல் தெருவிலேயே திரும்பி வந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். இப்படித்தான் இன்று காலை வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இங்கே உட்கார்ந்து வரிசையாகச் சொல்லும்போது அது பொய் என்று தெரிகிறது. திரும்பி வர வேண்டும் என்றால் இரண்டு கண்ணுக்கும் சேர்த்துக் கெடுத்திருப்பேன். அவரைக் கொல்லத்தான் அதைச் செய்தேன். அவள் கையால் நடக்கும்படி செய்தேன்.

அந்தக் கண்ணாடி உடையாமல் உங்களிடம்தான் இருக்கிறது, உறை போட்டு வைத்திருக்கிறீர்கள். எந்தக் கடையிலும் கொடுத்து அளந்து பாருங்கள். எந்தப் பக்கம் என்று நான் சொன்னது அப்படியே இருக்கும். என் வேலையில் தப்பு வராது. சரியான கண்ணாடி என் பையில் இருக்கிறது, அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அவள் ஒரு வாரமாகச் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அதிகம் பேசாமல், என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவசரப்படுத்தவில்லை. நேற்று முன்தினம் நான் ஊட்டிய ஒரு வாய் சாதத்தை வாங்கிக்கொண்டாள். என் மடியில் தலை வைத்தாள். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைத்துக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறேன், அவள் எழுந்து வந்து உங்களிடம் இப்படிச் சொல்லிவிட்டாள். அதை மட்டும் நான் எதிர்பார்க்கவே இல்லை. அவளால் உள்ளே இருக்க முடியாது. முன்பின் தெரியாதவர்களோடு அவள் எப்படி இருப்பாள். அதனால்தான் சொல்லிவிட்டேன். எனக்கு என்ன தண்டனையோ கொடுங்கள், அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நான் சொன்னதை அவளிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். கத்துவாள், என் முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்பாள். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கொஞ்ச நாள் அவளைத் தனியாக விடுங்கள். அவர் வீட்டு ஆட்கள், தோழிகள் என்று யாரையும் அதிகம் அண்டவிட வேண்டாம். பிறகு பார்வையாளர் நேரம் எப்போது என்று மட்டும் அவள் காதில் போட்டு வையுங்கள். வருவாள். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்.